மீட்டர் கண்ணாடிக்குள் ஈரம் கோத்தால் என்ன செய்வது? புதிதாக பைக் வாங்கியவர்களுக்கு

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும், புதிதாக பைக் வாங்கியவர்கள் பலர் ஒரு நாள் காலையில் வண்டியை எடுக்கப் போகும்போது மீட்டரைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். கண்ணாடியின் உட்புறம் வெளுத்துப்போய் ஆவி படிந்திருக்கும். எண்கள் மங்கித் தெரியும். துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. உடனே மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதியது போடச் சொல்லுபவர்கள் உண்டு. சீலன்ட் குழாய் ஒன்றை வாங்கி வந்து, மீட்டரின் அடியில் கண்ணில் படும் துளைகளை எல்லாம் அடைத்துவிடுபவர்களும் உண்டு. முதலாவது பெரும்பாலும் வீண் செலவு. இரண்டாவது கெடுதல். நானும் முதல் மழைக்காலத்தில் அந்தத் துளையை அடைத்தவன்தான் என்பதால், அது ஏன் கெடுதல் என்பதிலிருந்தே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

மீட்டர் என்பது காற்றே புகாத டப்பா அல்ல. அது மூச்சுவிடும் டப்பா. வெயிலில் நிற்கும்போது உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிகிறது. மழை கொட்டியதும் சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. 45 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 25 டிகிரிக்கு இறங்கினால் அதன் கன அளவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். வழி இருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். வழி இல்லையென்றால், உள்ளே உண்டாகும் உறிஞ்சல், மீட்டரைத் தண்ணீருக்குள் 60 சென்டிமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அமுக்கிப் பிடித்ததற்குச் சமமாகும். அந்த விசை எங்கே பலவீனமான இணைப்பு இருக்கிறதோ அங்கே, கண்ணாடியின் விளிம்பில் நிற்கும் மழைத்துளியை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்கத்தான் தயாரிப்பாளர்கள் மீட்டரின் பின்புறத்திலோ அடிப்புறத்திலோ ஒரு சுவாசத் துளை வைக்கிறார்கள். சில மீட்டர்களில் அது சட்டைப் பொத்தான் அளவுள்ள வெள்ளை வட்ட ஒட்டுப்படலமாக இருக்கும். ஆவியை விடும், துளியை விடாது. வேறு சிலவற்றில் கீழ்நோக்கி வளைந்த சிறு ரப்பர் குழாயாகவோ, வளைந்து வளைந்து போகும் குறுகிய பாதையாகவோ இருக்கும். எந்த வடிவில் இருந்தாலும் அதை அடைக்கக் கூடாது. நான் அடைத்த வாரத்தில், அதுவரை ஆவியாக மட்டும் இருந்தது, கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தண்ணீர்க் கோடாக மாறியது.

முதலில் ஆவியா, தண்ணீரா என்று பாருங்கள்

எந்தக் கருவியையும் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள்கள் கவனித்துக் குறித்துக்கொள்வதே முதல் படி. இதில் அவசரப்படாதவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மெல்லிய, சீரான, துளியாகத் திரளாத வெண்படலம் என்றால் அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து படிந்தது. அதன் அளவு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பதற்றம் குறையும். நூறு விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று 30 டிகிரியில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவியையும், 20 டிகிரியில் சுமார் 17 கிராமையும் வைத்திருக்கும். மீட்டரின் உள்ளே அரை லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் பத்து டிகிரி இறக்கத்தில் வெளிப்படும் நீர் ஏழு மில்லிகிராம்கூட இருக்காது. சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டில் ஏழில் ஒரு பங்குதான் அது. கண்ணாடி முழுவதையும் மறைத்து நம்மை மிரட்டும் ஆவி அவ்வளவுதான். மழைக்காலத்தில் சென்னை போன்ற கடலோர ஊர்களில் இரவு வெப்பம் 28 டிகிரியும் ஈரப்பதம் 90 விழுக்காடுமாக இருந்தால், கண்ணாடி இரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும், ஆவி படியத் தொடங்கிவிடும். திறந்த வானத்தின் கீழ் நிறுத்தப்பட்ட வண்டியின் சீட்டு விடியற்காலையில் நனைந்திருப்பதும் மீட்டர் கண்ணாடி வியர்த்திருப்பதும் ஒரே காரணத்தால்தான். இப்படிப் படிந்த ஆவி, வண்டியை ஓட்டத் தொடங்கிய பிறகோ வெயில் ஏறிய பிறகோ தானாகப் போய்விட்டால் அது பழுதல்ல. வாகனத்துடன் வரும் கையேட்டில், கழுவிய பின்னும் மழையில் ஓட்டிய பின்னும் கண்ணாடி தற்காலிகமாக மங்கலாம் என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வேறு விதமாகத் தெரியும். துளிகள் தனித்தனியாக உருண்டு நிற்கும். வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும்போது கீழ் ஓரத்தில் ஒரு கோடு நகரும். மதியம் வரையிலும் ஈரம் போகாது, அல்லது போய்விட்டு மாலையில் அதே இடத்தில் திரும்ப வரும். காய்ந்த பின் கண்ணாடியில் வெண்மையான சுவடு படிந்திருக்கும். டிஜிட்டல் எண்களில் சில கோடுகள் விட்டுத் தெரிவது, முள் நடுங்குவது அல்லது ஓரிடத்தில் நின்றுவிடுவது, விளக்குகள் காரணமின்றி எரிவது ஆகியவை ஈரம் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை எட்டிவிட்டதைக் காட்டும் அடையாளங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகை வரம்பு விதிக்கு உட்பட்ட வண்டிகளில், எஞ்சின் பழுதைத் தெரிவிக்கும் மஞ்சள் விளக்கும் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது என்பதால், மீட்டரில் வரும் கோளாறை வெறும் அழகுக் குறையாக ஒதுக்கிவிட முடியாது.

ஆவி முதலில் எந்த மூலையில் படிகிறது, துளி எங்கிருந்து தொடங்குகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கசிவைத் தேடும்போது இந்தப் படம் பெரிதும் உதவும். தண்ணீர்தான் என்று தெரிந்தால், வாரன்ட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும். வாரன்ட்டி இருக்கும் மீட்டரின் ஒரு ஸ்க்ரூவைக்கூட நீங்கள் தொடாதீர்கள். படங்களோடு சர்வீஸ் சென்டருக்குச் சென்று, புகாரை ஜாப் கார்டில் எழுத வைத்து, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஆவி போய்விட்ட மதிய நேரத்தில் வெறுங்கையோடு போனால், ஒன்றும் தெரியவில்லையே என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திறக்காமலே உலர்த்துதல்

ஆவி மட்டுமே இருக்கிறது, ஆனால் அடிக்கடி வருகிறது என்றால், சுவாசத் துளையில் மண் அடைத்திருக்கக் கூடும். மென்மையான தூரிகையால் துளையைச் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள். குண்டூசியால் குத்தக் கூடாது. படலம் கிழிந்துவிட்டால் அதன் பிறகு துளியும் நுழையும். கம்ப்ரஸர் காற்றையும் அதன் மேல் அடிக்கக் கூடாது. பிறகு வண்டியைக் கூரையின் கீழ் நிறுத்தி, மீட்டரை நோக்கி ஒரு மேசை விசிறியை இரவு முழுவதும் ஓட விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். காலை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துவதும் நல்லது. உச்சி வெயில் வேண்டாம், எல்.சி.டி. திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்துக்குச் சூடும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. ஹேர் டிரையர் பயன்படுத்துவதானால், குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் கண்ணாடி என்று சொல்வது உண்மையில் பிளாஸ்டிக். மீட்டரைத் தொட்டால் கை பொறுக்கும் சூடுதான் அதற்கும் எல்லை.

இதற்கும் போகவில்லை என்றால் மீட்டரைக் கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். கழற்றும் வேலை கடினமானதல்ல. ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அடுத்து மீட்டரை மறைத்திருக்கும் முன்மூடியை (வைசரையோ ஹெட்லைட் டூமையோ) கழற்றி, வயர்கள் போகும் பாதையைப் படம் எடுங்கள். வயர்களை மீட்டரோடு இணைக்கும் கப்ளரை அதன் பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிறகு மீட்டரைத் தாங்கும் நட்டுகளைக் கழற்றும்போது, ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் சிறிய உலோகக் குழல்கள் நழுவி விழும். அவற்றை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வையுங்கள். அந்தக் குழல் இல்லாமல் நட்டை முடுக்கினால் ரப்பர் நசுங்கி, அதிர்வு நேராக மீட்டருக்குப் போகும். முள் உள்ள மீட்டரைக் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்காதீர்கள். சில வகைகளில் முள்ளின் ஆட்டத்தை அடக்க உள்ளே எண்ணெய் இருக்கிறது, அது முகப்பில் கசிந்துவிடும்.

கழற்றிய மீட்டரை, மூடி இறுக்கமாக உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்த்தி வைத்து, 200 முதல் 250 கிராம் வரை சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி உடன் வைத்து மூடி, இரண்டு மூன்று நாள்கள் திறக்காமல் விட்டுவிடுங்கள். சுவாசத் துளை வழியாகவே உள்ளிருக்கும் ஆவி மெல்ல வெளியே வந்து ஜெல்லில் சேர்ந்துவிடும். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை, அதன் தவிடு மட்டும் கப்ளர் துளைக்குள் போய் அடைகிறது. நீல நிற ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாக மாறும். இளந்தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பால் வருவது, நஞ்சுள்ளது என்பதால், சமையலுக்குப் புழங்கும் வாணலியில் அதை ஒருபோதும் வறுக்கக் கூடாது.

மீட்டர் கழன்றிருக்கும் நாள்களில் இக்னிஷனைப் போடாதீர்கள். பல வண்டிகளில் மீட்டரும் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பேசிக்கொள்கின்றன. ஒன்று இல்லாதபோது மற்றொன்று பழுது என்று பதிந்துவைக்கும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

தண்ணீரே புகுந்திருந்தால், உலர்த்துவதால் மட்டும் பயனில்லை. எந்த வழியாகப் புகுந்தது என்று தெரியாமல் உலர்த்தி மாட்டினால், அடுத்த மழைக்கு அதே நிலைதான். என் வண்டியில் இதற்கு ஒரு மாதம் பிடித்தது. துளி எப்போதும் வலது மேல் மூலையில் தொடங்கிக் கீழே வழிந்தது என்பதால், கண்ணாடியின் விளிம்பு ரப்பரில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மீட்டரைக் கழற்றி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, சந்தேகமுள்ள ஒவ்வோர் இடத்திலும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்த்தேன். மற்ற இடங்களில் தாள் உலர்ந்தே இருந்தது. டிரிப் பட்டனின் ரப்பர் தொப்பியை அழுத்தியபோது மட்டும், அதன் அடியிலிருந்து ஒரு சிறு ஈரப்புள்ளி தாளில் பரவியது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, தொப்பியின் அடிமடிப்பில் நகக்கீறல் போல அரைவட்டமாக ஒரு பிளவு இருந்தது. அழுத்தும்போது திறக்கும், விட்டதும் மூடிக்கொள்ளும். மழையில் டிரிப் எண்ணை மாற்ற நான் அழுத்திய ஒவ்வொரு முறையும், தொப்பி மீண்டும் எழும்போது தண்ணீரை உறிஞ்சி உள்ளே அனுப்பியிருக்கிறது.

ஆகவே பட்டன் ரப்பரை முதலில் பாருங்கள். அடுத்து கண்ணாடியும் உடலும் சேரும் விளிம்பு, அதிலும் வண்டி கீழே விழுந்திருந்தால் மூலைகளில் மயிரிழை விரிசல். பிறகு வயர் நுழையும் இடத்தின் ரப்பர். வயர்க் கட்டு மேலிருந்து நேராக மீட்டருக்குள் இறங்கினால் மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். மீட்டருக்கு வரும் முன் வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறும்படி கட்டினால், தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். முன்சக்கரத்திலிருந்து கேபிள் ஏறி வரும் பழைய மாதிரி வண்டிகளில், மேலுறை கிழிந்த மீட்டர் கேபிளும் ஒரு வழி. உள்ளே சுழலும் கம்பி தண்ணீரை மேலே ஏற்றி மீட்டரின் அடியில் கொண்டு சேர்க்கும். கேபிளை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

திறந்து துடைத்தல்

பின்புறம் ஸ்க்ரூக்களால் மூடப்பட்ட மீட்டர்களை மட்டுமே வீட்டில் திறக்கலாம். பசையாலோ வெப்பத்தாலோ ஒட்டப்பட்டவற்றையும், பழைய வட்ட மீட்டர்களில் உலோக வளையம் மடித்து இறுக்கப்பட்டவற்றையும் மீட்டர் பழுதுபார்க்கும் கடையில் கொடுப்பதே நல்லது. வண்டி மெக்கானிக் வேறு, மீட்டர் மெக்கானிக் வேறு. இரண்டாமவர் இந்த வேலையை அன்றாடம் செய்பவர்.

திறக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். மழை நாளில் திறந்து மூடினால், அன்றைய ஈரக்காற்றையே உள்ளே வைத்து மூடுவதாகும். வெயிலடிக்கும் நண்பகலிலோ, ஏ.சி. ஓரிரு மணி நேரம் ஓடிய அறையிலோ இந்த வேலையைச் செய்யுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்மூடியை மெல்ல விலக்கியதும், பச்சை அல்லது வெள்ளைப் பொடி போன்ற படிவு பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மென்மையான பல்துலக்கியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு லேசாகத் தேய்த்து, முழுவதும் காய விடுங்கள். அந்தத் திரவம் கண்ணாடியிலோ திரையிலோ அச்சிட்ட முகப்பிலோ படக் கூடாது. முள்ளைப் பிடுங்காதீர்கள், மறுபடி சரியான பூஜ்ஜியத்தில் பொருத்துவது கையால் ஆகிற காரியமல்ல. கண்ணாடியைத் தனியாக எடுக்க முடிந்தால், சில சொட்டு மென்சோப்பு கலந்த நீரில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவை பிளாஸ்டிக்கில் நரம்பு நரம்பாக வெடிப்புகளை உண்டாக்கும்.

விளிம்பு ரப்பரைக் கழற்றிக் கழுவி, அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்துவிட்டு மறுபடி பொருத்துங்கள்; அதன் அடியில் ஒரு தலைமுடி கிடந்தால்கூடத் தண்ணீர் அதைப் பின்பற்றி வரும். ரப்பர் விறைத்திருந்தால் மெல்லிய கோடாகச் சிலிக்கோன் சீலன்ட் இடலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பூசும்போது காடி வாடை வீசும் சிலிக்கோன் அமிலம் விட்டு உலர்வது, அது செம்பு இணைப்புகளை அரித்துவிடும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். உடனடிப் பசையையும் தொடாதீர்கள்; அதன் ஆவி பிளாஸ்டிக் கண்ணாடியின் மேல் வெண்சுண்ணாம்பு போலப் படிந்து, எவ்வளவு துடைத்தாலும் போகாத கறையாகிவிடும்.

மூடும்போது ஸ்க்ரூவை நேராக முடுக்காமல், முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று சிறிதாக இறங்குவது கைக்குத் தெரியும்; ஸ்க்ரூ தன் பழைய மரையைக் கண்டுகொண்டது என்று பொருள். அங்கிருந்து வலப்பக்கம் முடுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது. எதிரெதிர் மூலைகளாக, கையால் மட்டும், சிறிது சிறிதாக இறுக்குங்கள். சீலன்ட் இட்டிருந்தால் ஒரு முழு நாள் உலர விட்டு, பிறகு மீட்டரை இளவெயிலில் சூடேற்றி, அதன் மேல் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அரை மணி நேரம் கவனியுங்கள். உள்ளே எதுவும் தெரியவில்லை என்றால் வண்டியில் மாட்டலாம்.

திரும்ப வராமல் இருக்க

வாட்டர் வாஷ் கொடுக்கும்போது அருகிலேயே நின்று, மீட்டரின் மேல் பிரஷர் கன்னை நேராக அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழையைத் தாங்கும்படி செய்யப்பட்ட ரப்பர் விளிம்பு, ஒரு சாண் தூரத்திலிருந்து பாயும் அந்த நீர்க்கம்பியைத் தாங்காது. வெயிலில் வந்து நின்ற வண்டியை உடனே கழுவவும் வேண்டாம். மேலே சொன்ன உறிஞ்சல் அப்போதுதான் அதிகம். மழைக்கு மீட்டரில் பாலித்தீன் பையைக் கட்டி வைப்பவர்கள், மழை விட்டதும் அதை அவிழ்த்துவிட வேண்டும். நனைந்த வண்டியின் மேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடினால், தரையின் ஈரமும் சேர்ந்து இரவெல்லாம் உள்ளேயே நிற்கும். காற்றோடும் துணிக் கவர் நல்லது. மேலே ஒரு தகரக் கூரை இருந்தால் அதைவிட நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இந்தப் படிகள் பொருந்தாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் கிடந்தன. அப்படிக் கிடந்த வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்க்காமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, அப்படியே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

புது மீட்டர்தான் போட்டாக வேண்டும் என்ற நிலை வந்தால், பழைய மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது மீட்டர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கக் கூடும். மாற்றிய தேதியையும், அன்று பழைய மீட்டர் காட்டிய எண்ணையும் பில்லிலும் சர்வீஸ் புத்தகத்திலும் எழுதச் செய்து, இரண்டையும் ஆர்.சி. நகலோடு சேர்த்து வைத்துவிட்டால், வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு அந்தத் தாளைக் காட்டலாம்.